ஒரு நிமிடத்தில் குளிர்பானம்: சுழல் குளிர்விப்பானைச் சரியாகப் பயன்படுத்தும் முறை

சமையல் மேடைமீது வைத்துப் பயன்படுத்தும் சுழல் குளிர்விப்பான், அறை வெப்பத்தில் இருக்கும் ஒரு கேன் பானத்தை ஒன்று அல்லது ஒன்றரை நிமிடத்தில் குளிரவைத்துத் தரும் சிறு மின்கருவி. அதே கேனை ஃபிரிட்ஜின் நடுத்தட்டில் வைத்தால் இரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் காத்திருக்க வேண்டும். ஃப்ரீசரில் வைத்தாலும் அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். வைத்ததை மறந்துவிட்டால் பாட்டில் வெடிக்கவும் கூடும். சித்திரை மாதத்து மதியத்தில் சொல்லாமல் கொள்ளாமல் உறவினர்கள் வந்திறங்கும்போது இந்தக் கருவியின் அருமை தெரியும். இருந்தும், ஆசையாக வாங்கியவர்கள் சில வாரங்களிலேயே அதைத் துடைத்துப் பரணில் ஏற்றிவிடுவதைப் பார்க்கிறேன். பெட்டியில் அச்சிட்ட நேரத்தில் பானம் குளிரவில்லை என்பதே அவர்கள் சொல்லும் காரணம். பெரும்பாலும் கருவி சரியாகவே வேலை செய்திருக்கும். அதில் இட்ட ஐஸும் ஊற்றிய தண்ணீரும்தான் கோளாறாக இருந்திருக்கும்.

ஏனென்றால், இந்த வகைக் கருவி தானாகக் குளிரை உண்டாக்குவதில்லை. அதற்குள் கம்ப்ரஸர் கிடையாது, குளிரூட்டும் வாயு கிடையாது. ஒரு தொட்டி, தொட்டியிலிருக்கும் பனிநீரை எடுத்துப் பானத்தின்மேல் இடைவிடாமல் பாய்ச்சும் ஒரு பம்ப், பானத்தைப் படுத்த நிலையில் உருட்டிக்கொண்டே இருக்கும் ஒரு சிறு மோட்டார், மேலே ஒரு மூடி, நேரத்தைக் குறிக்கும் சில பொத்தான்கள் ஆகியவையே அதன் உறுப்புகள். அமெரிக்காவில் 1990-களில் உருவான இந்த முறையில் இயங்கும் ‘கூப்பர் கூலர்’ என்ற கருவியே இவ்வகையில் பரவலாக அறியப்பட்டது. கேனுக்கு ஒரு நிமிடம், ஒயின் பாட்டிலுக்கு ஆறு நிமிடம் என்பது அதன் தயாரிப்பாளர்கள் சொல்லும் கணக்கு. வேறு பெயர்களில் விற்கப்படும் சுழல் கருவிகளும் ஏறத்தாழ இதே ஏற்பாட்டைக் கொண்டவையே.

சுழற்சிக்கு ஏன் இவ்வளவு பயன் என்பதைப் புரிந்துகொண்டால், கருவியை இயக்கும்போது செய்யவேண்டியவை தாமாகவே விளங்கிவிடும். அசையாமல் இருக்கும் கேனுக்குள் சுவரை ஒட்டிய பானம் மட்டும் முதலில் குளிர்ந்து, நடுவிலிருக்கும் சூடான பானத்துக்கும் சுவருக்கும் இடையே ஒரு தடையாக நின்றுவிடுகிறது. வெளிப்புறத்திலும் அப்படித்தான்: கேனை ஒட்டிய நீர் சற்றே வெப்பமடைந்து, ஒரு மெல்லிய போர்வையாக அதைச் சூழ்ந்துகொள்கிறது. சூடான காபியை டம்ளரிலிருந்து டபராவுக்கும் டபராவிலிருந்து டம்ளருக்கும் ஆற்றும்போது, ஒவ்வொரு துளியும் மாறிமாறிக் காற்றில் படுவதால்தான் அது விரைவில் ஆறுகிறது. சுழல் கருவி மூடிய கேனுக்குள் செய்வதும் அதே வேலைதான். உருளும் கேனில் உள்ளிருக்கும் பானம் இடைவிடாது சுவரை வந்து தொட்டுச் செல்கிறது. வெளியே பாயும் பனிநீர் அந்த வெதுவெதுப்பான போர்வையை அவ்வப்போது கழுவி எடுத்துவிடுகிறது. மேலும், நீர் காற்றைவிட இருபது மடங்குக்கும் அதிகமாக வெப்பத்தைக் கடத்தக்கூடியது. ஃபிரிட்ஜுக்குள் நான்கு டிகிரிக் காற்றில் இரண்டு மணி நேரம் இருக்கும் கேனும், பூஜ்ஜிய டிகிரி நீரில் ஒரு நிமிடம் உருளும் கேனும் ஒரே குளிர்ச்சியை அடைவதற்கு இதுவே காரணம்.

எவ்வளவு வெப்பத்தை வெளியேற்ற வேண்டியிருக்கிறது என்பதையும் ஒருமுறை கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது. 300 மில்லி லிட்டர் பானத்தை 34 டிகிரியிலிருந்து 6 டிகிரிக்கு இறக்க ஏறத்தாழ 35 கிலோஜூல் வெப்பத்தை எடுக்க வேண்டும். அதை ஒரே நிமிடத்தில் எடுப்பதென்றால் கிட்டத்தட்ட 600 வாட் குளிரூட்டும் திறன் தேவை. வீட்டு ஃபிரிட்ஜின் கம்ப்ரஸரிடம் அதை எதிர்பார்க்க முடியாது. ஆனால் ஐஸிடம் எதிர்பார்க்கலாம். ஒரு கிலோ ஐஸ் உருகும்போது 334 கிலோஜூல் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. அதாவது, இரவு முழுவதும் ஃப்ரீசர் மெல்ல மெல்லச் சேமித்து வைத்த குளிரை, மறுநாள் மதியம் ஒரே நிமிடத்தில் நாம் செலவிடுகிறோம். கருவி செய்வது அந்தச் செலவை விரைவுபடுத்துவது மட்டுமே. ஆகவே ஐஸ் இல்லாத வீட்டில் இந்தக் கருவிக்கு வேலையில்லை என்பதை வாங்குவதற்கு முன்பே மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

‘உடனடிக் குளிர்விப்பான்’ என்ற பெயரில் இணையக் கடைகளில் விற்கப்படும் கருவிகளில் பல, இங்கே சொல்லப்படும் சுழல் வகையைச் சேர்ந்தவை அல்ல. கேன் ஒன்றை நிறுத்தி வைக்கும் அளவுக்குக் குழியுள்ள தட்டுகளும், ஆறேழு கேன்கள் கொள்ளும் சின்னஞ்சிறு பெட்டிகளும் பெரும்பாலும் பெல்டியர் வகையினவாக இருக்கும். பிரெஞ்சு இயற்பியலாளர் ழான் பெல்டியர் 1834-இல் கண்டறிந்த விளைவை அடிப்படையாகக் கொண்டவை அவை: இருவேறு பொருள்கள் சேரும் இடத்தின் வழியே மின்சாரம் பாயும்போது ஒரு பக்கம் குளிர்கிறது, மறுபக்கம் சூடாகிறது. சத்தம் குறைவு, ஐஸ் தேவையில்லை, இடமும் அதிகம் பிடிக்காது. ஆனால் வேகம் மட்டும் கிடையாது. அத்தகைய கருவி நொடிக்கு 30 ஜூல் வெப்பத்தை வெளியேற்றுவதாக வைத்துக்கொண்டாலும், மேலே சொன்ன ஒரு கேனுக்கே இருபது நிமிடம் ஆகிவிடும். நடைமுறையில் பானம் குளிரக் குளிர அதன் திறன் குறைந்துகொண்டே போவதால் இன்னும் நேரம் பிடிக்கும். இவற்றில் பலவற்றின் விளக்கக் குறிப்பில் ‘அறை வெப்பத்தைவிட இவ்வளவு டிகிரி குறைவாக’ என்றுதான் எழுதியிருக்கும். 25 டிகிரி அறையில் 20 டிகிரி குறைந்தால் நல்ல குளிர்ச்சி. மே மாதத்தில் 38 டிகிரியில் இருக்கும் சென்னை வீட்டுக் கூடத்தில் அதே 20 டிகிரி குறைந்தால் 18 டிகிரிதான் கிடைக்கும். ஏற்கெனவே குளிர்ந்த பானத்தைக் குளிர்ச்சி குறையாமல் வைத்திருக்க அவை போதும், அவசரத்துக்கு உதவமாட்டா.

ஆகவே வாங்கும்போது மூன்றே கேள்விகளைக் கேட்டால் போதும். ஐஸும் நீரும் இடும் தொட்டி இருக்கிறதா, பானத்தை உருட்டும் பகுதி இருக்கிறதா, தொட்டி நீரைச் சுற்றிவரச் செய்யும் பம்ப் இருக்கிறதா என்பவையே அவை. இவற்றுள் ஏதேனும் ஒன்று இல்லையென்றாலும் நிமிடக் கணக்கில் குளிரும் என்ற வாக்குறுதியை நான் நம்பமாட்டேன். பம்ப் இல்லாமல், ஐஸ் வாளியின்மேல் பொருத்திக் கேனை மட்டும் சுழற்றும் பேட்டரிக் கருவிகள் இதற்கு ஓரளவு விதிவிலக்கு. அவை சற்றே மெதுவாக இயங்கினாலும் விலை குறைவு, பயணத்துக்கும் எடுத்துச் செல்லலாம்.

வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகளோ உறவினர்களோ கொண்டுவந்து கொடுத்த கருவியாக இருந்தால், மின்னிணைப்புக் கொடுப்பதற்கு முன் அடாப்டரின் அடியில் ஒட்டியிருக்கும் எழுத்துகளைப் படியுங்கள். 100 முதல் 240 வோல்ட் வரை என்றிருந்தால், பிளக்கின் முனையை மாற்றும் சிறு துணைப்பொருள் ஒன்று போதும். 120 வோல்ட் என்று மட்டும் இருந்தால், நம் நாட்டின் 230 வோல்ட்டில் நேரடியாகச் செருகக் கூடாது. மின்னழுத்தத்தைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வழியாகவே இணைக்க வேண்டும். கம்ப்ரஸர் இல்லாத கருவி என்பதால் இதற்கு மின்சாரம் அதிகம் செலவாவதில்லை. மின்வெட்டின்போது மின்விசிறிக்கும் விளக்குக்கும் வைத்திருக்கும் இன்வெர்ட்டரிலேயே இதையும் இயக்கிவிடலாம் என்பது நம் ஊர்களுக்கு ஒரு வசதி.

ஐஸும் நீரும்

குளிர்விக்கும் வேலையின் வெற்றியும் தோல்வியும் பெரும்பாலும் இங்கேதான் தீர்மானமாகின்றன. ஆகவே இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். குறிப்பேட்டில் ‘ஐஸும் நீரும் இடுக’ என்று போட்டிருக்கும். அதைப் படித்துவிட்டுக் குழாயைத் திறந்து தொட்டியை நிரப்புவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. மொட்டைமாடித் தொட்டியில் நாள் முழுவதும் வெயில் காய்ந்த நீர் நண்பகலில் 40 டிகிரி வரை சூடேறியிருக்கும். அந்த நீரில் ஒரு லிட்டரைப் பூஜ்ஜிய டிகிரிக்கு இறக்குவதற்கு மட்டுமே அரை கிலோ ஐஸ் உருக வேண்டும். கேன் ஒன்றைக்கூட இன்னும் உள்ளே வைக்கவில்லை, அதற்குள் ஃப்ரீசரிலிருந்த ஐஸில் பாதி கரைந்துவிட்டது. அதற்குப் பதிலாக ஃபிரிட்ஜில் 8 டிகிரியில் இருக்கும் குடிநீரை ஊற்றினால் அதே ஒரு லிட்டருக்கு 100 கிராம் ஐஸே செலவாகும். மிச்சமாகும் 400 கிராம் ஐஸில் கூடுதலாக மூன்று நான்கு கேன்களைக் குளிரவைக்கலாம். கருவியைப் பயன்படுத்தப்போகும் நாளில் ஒரு லிட்டர் பாட்டில்கள் இரண்டில் நீர் நிரப்பி முன்கூட்டியே ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். இந்த ஒரு பழக்கம், விலையுயர்ந்த கருவிக்கும் மலிவான கருவிக்கும் உள்ள வேறுபாட்டைவிட அதிகப் பலன் தரும்.

ஐஸ் எவ்வளவு தேவை என்பதற்கும் எளிய கணக்கு உண்டு. அறை வெப்பத்திலிருக்கும் 300 மில்லி கேன் ஒன்றுக்கு 105 கிராம் அளவுக்கு ஐஸ் உருகும். ஆறு கேன்களுக்கு 630 கிராம். தொட்டி நீரைக் குளிரவைக்க இன்னும் 100 அல்லது 150 கிராம். சுற்றுப்புறச் சூட்டில் வீணாவது ஒரு பங்கு. எல்லாம் முடிந்த பிறகும் நீரில் ஐஸ் மிதந்துகொண்டிருக்க வேண்டும் என்பதால், ஒரு கிலோவுக்குக் குறையாமல் கைவசம் இருக்கட்டும். ஃபிரிட்ஜோடு வந்த தட்டுகளில் எவ்வளவு ஐஸ் கிடைக்கிறது என்பதைச் சமையலறைத் தராசில் ஒருமுறை நிறுத்துப் பார்த்துக்கொண்டால் பிறகு ஊகிக்க வேண்டியதில்லை. தட்டுகள் போதாதென்றால், உறைந்த கட்டிகளை ஒரு பாலித்தீன் பையில் கொட்டிச் சேர்த்துவைத்துவிட்டு, தட்டுகளை மீண்டும் நிரப்பி உறையவிடலாம்.

ஐஸை ஃப்ரீசரிலிருந்து நேரடியாகத் தொட்டிக்கு மாற்ற வேண்டும். கழித்த பதினெட்டு டிகிரியில் இருக்கும் கட்டிக்கு, உருகத் தொடங்கும் முன்பே வெப்பத்தை உறிஞ்சும் திறன் உண்டு. பாத்திரத்தில் பத்து நிமிடம் கிடந்து ஈரம் கசிந்த கட்டி அதை இழந்திருக்கும். கட்டிகள் மிகப் பெரிதாக இருந்தால் நீருடன் படும் பரப்புக் குறையும். மிகவும் பொடியாக இருந்தால் பம்பின் வாயில் போய் அடைக்கும். வழக்கமான தட்டில் உறையும் சதுரக் கட்டிகளே சரியான அளவு. ஐஸும் நீரும் ஏறத்தாழ சம அளவில் இருக்கும்படி, கருவியில் குறித்திருக்கும் கோடு வரை நிரப்ப வேண்டும். நீர் குறைந்தால் பம்ப் காற்றை இழுத்துக் கரகரவென்று சத்தமிடும். ஐஸ் குறைந்தால் சத்தம் ஒன்றும் வராது, குளிர்ச்சிதான் வராது.

கடையில் ஐஸ் வாங்குவதாக இருந்தால், உண்பதற்கு உரிய ஐஸா என்று கேட்டு வாங்குங்கள். மீன் முதலியவற்றைக் கெடாமல் வைக்கப் பயன்படும் தொழிற்சாலை ஐஸுக்கு நீல நிறம் சேர்க்க வேண்டும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. தொட்டி நீர் பானத்துக்குள் போவதில்லையே என்று நினைக்கலாம். ஆனால் அது கேனின் வாய்ப்பகுதியிலும் பாட்டில் மூடியின் இடுக்கிலும் தங்கும், பிறகு அங்கேதான் உதடு படும். எனவே தொட்டியில் இடும் நீரும் ஐஸும் குடிக்கத்தக்கவையாகவே இருக்க வேண்டும். அதே காரணத்தால், கிடங்குத் தூசியோடு வரும் கேன்களையும் பாட்டில்களையும் தொட்டியில் வைப்பதற்கு முன் குழாயடியில் தேய்த்துக் கழுவிவிடுவது அவசியம்.

இன்னும் விரைவாகக் குளிரட்டும் என்று தொட்டியில் உப்புப் போடும் யோசனை பலருக்கும் தோன்றும். உப்பு சேர்ந்தால் பனிநீர் பூஜ்ஜியத்துக்கும் கீழே இறங்கும் என்பது உண்மை. குல்ஃபி செய்பவர்கள் காலங்காலமாகக் கையாளும் முறை அது. ஆனால் உப்புநீர் பம்பின் உலோகப் பகுதிகளையும் மோட்டாரின் தண்டையும் அரிக்கும். கேனின் வாயில் உப்பு படிந்து முதல் வாயே கரிக்கும். உப்பில்லாத பனிநீர் பூஜ்ஜியத்துக்குக் கீழே போகாது என்பதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. சர்க்கரை கலந்த பானங்கள் பூஜ்ஜியத்துக்குச் சற்றுக் கீழேதான் உறையும் என்பதால், கருவியை எவ்வளவு நேரம் ஓடவிட்டாலும் பானம் உறைந்து வெடிப்பதற்கு வாய்ப்பே இல்லை. அந்தப் பாதுகாப்பைச் சில நொடிகளுக்காக இழக்க வேண்டாம் என்பது என் கருத்து.

இயக்கும் முறை

கருவியைச் சமதளமான மேடையில், சிங்குக்கு அருகில், ஆனால் மின் செருகியிலிருந்து நீர் தெறிக்காத தொலைவில் வைக்கவும். மின்கம்பி செருகியிலிருந்து நேராகக் கருவிக்கு வராமல், நடுவில் சற்றுத் தாழ்ந்து தொங்கி மேலேறும்படி விடுவது நல்லது. கம்பியின்மேல் நீர் வழிந்தாலும் தாழ்ந்த இடத்திலேயே சொட்டிவிடும், செருகிக்குள் போகாது. ஐஸையும் நீரையும் இட்டதும் உடனே பானத்தை வைக்காமல், ஒரு நிமிடம் காத்திருந்து கரண்டியால் இரண்டு சுற்றுச் சுற்றிவிடுங்கள். அந்த ஒரு நிமிடத்தில் தொட்டி நீர் பூஜ்ஜியத்தை நெருங்கிவிடும்.

இந்தக் காத்திருப்பு வீண் என்று தோன்றலாம். ஆனால் பானம் குளிரும் வேகம், அதற்கும் சுற்றியிருக்கும் நீருக்கும் இடையே உள்ள வெப்ப வேறுபாட்டைப் பொறுத்தது. பூஜ்ஜிய டிகிரி நீரில், 34-இலிருந்து 17 டிகிரிக்கு இறங்க எவ்வளவு நேரமாகிறதோ, 17-இலிருந்து எட்டரை டிகிரிக்கு இறங்கவும் அவ்வளவு நேரமாகும். பெட்டியில் போட்டிருக்கும் ஒரு நிமிடக் கணக்கு, 25 டிகிரியிலிருந்து 6 டிகிரிக்கு இறங்குவதைக் குறிப்பதாகக் கொண்டால், நம் வீட்டில் 34 டிகிரியில் இருக்கும் கேனுக்கு ஏறத்தாழ ஒன்றேகால் நிமிடம் ஆகும். தொட்டி நீர் பூஜ்ஜியத்துக்குப் பதில் 3 டிகிரியில் இருந்தால் அதே வேலைக்கு ஒரு நிமிடமும் நாற்பது நொடியும் ஆகிவிடும். நீர் 6 டிகிரியில் இருந்தால் பானம் ஒருபோதும் 6 டிகிரியை எட்டாது. எனவே தொடர்ச்சியாகப் பல கேன்களைக் குளிரவைக்கும்போது, இரண்டு மூன்று கேன்களுக்கு ஒருமுறை மூடியைத் திறந்து பார்த்து, ஐஸ் நீரின் மேற்பரப்பை மூடியபடி இருக்கிறதா என்று கவனித்து, குறைந்திருந்தால் சேர்க்க வேண்டும். ஐஸ் உருகி நீர்மட்டம் கோட்டைத் தாண்டினால் ஒரு டம்ளர் நீரை வெளியே எடுத்துவிட்டே புதிய ஐஸைப் போட வேண்டும்.

கேனைப் படுக்கவைத்து, உருளையின்மேல் நன்றாகப் பதிந்திருக்கிறதா என்று விரலால் ஒருமுறை உருட்டிப் பாருங்கள். தடையில்லாமல் உருண்டால் மூடியை மூடி, கேனுக்குரிய பொத்தானை அழுத்தலாம். நேரம் முடிந்து எடுத்ததும் கேனை அரை நிமிடம் நிமிர்த்தி வைத்துவிட்டுத் திறக்கவும். இவ்வளவு நேரம் உருண்ட கேனைத் திறந்தால் நுரை பொங்கி முகத்தில் அடிக்காதா என்று கேட்பவர்கள் உண்டு. அப்படி ஆவதில்லை. மேலும் கீழுமாகக் குலுக்கும்போது கேனுக்குள்ளிருக்கும் வாயு சிறு சிறு குமிழ்களாகப் பானமெங்கும் சிதறிவிடுகிறது. திறந்தவுடன் ஒவ்வொரு குமிழும் கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு பெருத்து, பானத்தையும் சேர்த்து வெளியே தள்ளுகிறது. படுத்த நிலையில் ஒரே சீராக உருளும்போது வாயு மேற்பக்கத்தில் ஒரே பகுதியாகவே தங்கிவிடுகிறது. அதோடு, குளிர்ந்த நீரில் கரியமில வாயு அதிகம் கரையும். 30 டிகிரியில் கரையக்கூடிய அளவைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் பூஜ்ஜியத்துக்கு அருகில் கரைந்திருக்கும். அதனால் கேனுக்குள்ளிருக்கும் அழுத்தமும் குறைகிறது, குடிக்கும்போது நாக்கில் படும் சுறுசுறுப்பும் கூடுகிறது.

எல்லாப் பானத்தையும் ஒரே குளிர்ச்சிக்குக் கொண்டுவர வேண்டியதில்லை. சோடா, கோலா வகைகளுக்கு 4 முதல் 6 டிகிரி வரை பொருத்தம். பழச்சாறு, ரோஸ்மில்க், மோர் ஆகியவற்றை 8 அல்லது 10 டிகிரியோடு நிறுத்திக்கொள்வதே நல்லது. அதற்கும் கீழே போனால் நாக்கு மரத்து, இனிப்பும் மணமும் மங்கிவிடும். வீட்டில் சமையலறை வெப்பமானி இருந்தால், முதல் சில முறை திறந்த பானத்தில் வைத்துப் பார்த்து, உங்கள் கருவிக்கும் உங்கள் ஊர் வெப்பத்துக்கும் பொருந்தும் நேரத்தைக் குறித்து, ஒரு சீட்டில் எழுதி மூடியின் மேல் ஒட்டிவிடுங்கள். தயாரிப்பாளர் அச்சிட்டுத் தரும் அட்டவணையைவிட அந்தச் சீட்டு நம்பகமானது.

எதை வைக்கலாம், எதைத் தவிர்க்க வேண்டும்

அலுமினிய கேன் இந்தக் கருவிக்கென்றே செய்ததுபோல் பொருந்தும். அதன் சுவர் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு தடிமனே உடையது. அலுமினியமோ கண்ணாடியைவிட நூறு மடங்குக்கும் அதிகமாக வெப்பத்தைக் கடத்துவது. கண்ணாடிப் பாட்டிலின் சுவர் தடிமனானது என்பதால், சிறிய பாட்டிலுக்கு மூன்று, நான்கு நிமிடங்கள் ஒதுக்க வேண்டும். பிளாஸ்டிக் பாட்டில் இன்னும் மோசமாக இருக்கும் என்று பலர் கருதுகிறார்கள். பிளாஸ்டிக் வெப்பத்தைக் கடத்துவதில் கண்ணாடியைவிடப் பின்தங்கியதுதான். ஆனால் அதன் சுவர் மிகவும் மெல்லியது என்பதால் இரண்டும் ஏறத்தாழ ஈடாகிவிடுகின்றன. பிளாஸ்டிக் பாட்டிலில் வரும் சிக்கல்கள் வேறு. வாயு இல்லாத பானம் அடைத்த மெல்லிய பாட்டில், உருளையின் பிடிக்குள் நசுங்கி வழுக்கும்; பருமனான பாட்டிலில் கொள்ளளவுக்கு ஏற்ற அளவு மேற்பரப்பு இல்லாததால் நேரம் கூடும்; இரண்டு லிட்டர் பொவன்டோ பாட்டில் தொட்டியிலேயே அடங்காது. பெரிய பாட்டிலில் வாங்கிய பானத்தைக் குளிரவைக்க, பானத்தை ஊற்றும் டம்ளர்களில் ஐஸ் போடுவதுதான் வழி.

காகித லேபிள் ஒட்டிய பாட்டில்களில் கூடுதல் கவனம் தேவை. பனிநீரில் ஊறி உருளும் லேபிள் ஓரிரு நிமிடத்தில் பிரிந்து, கூழாகிப் பம்பின் வாயில் இருக்கும் வடிகட்டியில் பட்டையாக ஒட்டிக்கொள்ளும். நீர் பாயும் வேகம் குறைவதை நாம் கவனிக்கமாட்டோம். குளிர்ச்சி குறைவது மட்டும் தெரியும். லேபிளை முன்பே ஊறவைத்து உரித்துவிட்டு வைப்பதே சரியான வழி. இயலாதபோது, உருட்டாமல் நீரை மட்டும் பாய்ச்சும் முறை உங்கள் கருவியில் இருந்தால் அதைப் பயன்படுத்தலாம், நேரத்தை மட்டும் கூட்டிக்கொள்ளுங்கள்.

வெயிலில் நின்ற காரிலிருந்து எடுத்த கண்ணாடிப் பாட்டிலை உடனே பனிநீரில் இறக்கக் கூடாது. திடீர் வெப்ப மாற்றத்தில் கண்ணாடி விரிசல் விடும். பலமுறை கழுவி நிரப்பப்பட்டு உடலெங்கும் கீறல் விழுந்த பாட்டில்களில் இந்த அபாயம் அதிகம். நிழலில் வைத்து ஆறவிட்ட பிறகே கருவிக்குக் கொண்டுபோக வேண்டும். கொதிக்கும் காபி, பால் எதையும் கண்ணாடிப் பாட்டிலில் அடைத்து இதில் வைக்க வேண்டாம். கோலி சோடாவையும் இதில் வைக்கச் சொல்லமாட்டேன். கழுத்து நெரித்ததுபோன்ற அதன் வடிவம் சீராக உருளாது; உள்ளே அழுத்தத்தோடு வாயு இருக்கும் தடித்த பாட்டில் உருளையில் தட்டிக்கொண்டே சுழல்வது பாதுகாப்பானதும் அன்று. அதை வாளிப் பனிநீரில் நிறுத்திவைத்துக் குளிரவைப்பதே முறை. திறந்த பாட்டிலைப் படுக்கவைக்கக் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஒருமுறை திறந்து மீண்டும் திருகி மூடிய பாட்டிலும் கசியக்கூடும் என்பதையும் நினைவில் கொள்ளவேண்டும்.

வீட்டில் பிழிந்த நன்னாரி சர்பத்தையோ எலுமிச்சைச் சாற்றையோ இந்தக் கருவியில் குளிரவைக்க விரும்பினால், திருகு மூடியுள்ள எவர்சில்வர் பாட்டில் ஒன்றை இதற்கென்றே வைத்துக்கொள்ளலாம். ஒற்றைச் சுவர் உடையதாகப் பார்த்து வாங்க வேண்டும்; சூடு காக்கும் இரட்டைச் சுவர் பாட்டில், உள்ளிருக்கும் பானத்தை எந்தப் பனிநீரும் நெருங்காமல் தடுத்துவிடும். பாட்டிலை விளிம்புவரை நிரப்பாமல் இரண்டு விரற்கடை இடம் விட்டு மூடினால், உருளும்போது பானம் உள்ளே நன்றாகப் புரண்டு விரைவில் குளிரும்.

கருவி இல்லாமலே செய்துகொள்ள

வாரத்துக்கு ஒருமுறை ஒன்றிரண்டு கேன்களைக் குளிரவைக்க மட்டுமே வேண்டுமென்றால், பணம் செலவழிப்பதற்கு முன் இதைச் செய்து பாருங்கள். வாயகன்ற எவர்சில்வர் பாத்திரத்தில் ஐஸும் ஃபிரிட்ஜ் நீரும் சம அளவில் எடுத்து, ஒரு கைப்பிடிக் கல்லுப்பைப் போட்டுக் கலக்குங்கள். அரிப்பதற்குப் பம்ப் இல்லை என்பதால் இங்கே உப்புக்குத் தடையில்லை. கேனை அதில் படுத்தவாக்கில் மிதக்கவிட்டு, இரண்டு விரல்களால் இடைவிடாமல் உருட்டிக்கொண்டே இருந்தால் மூன்று நிமிடத்துக்குள் நல்ல குளிர்ச்சி கிடைக்கும். விரல்கள் மரத்துப்போகும் என்பதால் கையுறை அணிவது நல்லது. எடுத்ததும் கேனின் வாயை நல்ல நீரில் கழுவிவிட்டுத் திறக்க வேண்டும். இந்த முறையே போதுமென்று தோன்றினால் கருவி தேவையில்லை. அடிக்கடி விருந்தினர் வரும் வீட்டுக்கும், நான்கைந்து பேருக்கு ஒரே நேரத்தில் பரிமாற வேண்டியிருப்பவர்களுக்கும்தான் கருவி உண்மையான உதவி.

பயன்படுத்திய பிறகு

வேலை முடிந்ததும் செருகியை எடுத்துவிட்டுத் தொட்டி நீரை அன்றே வெளியேற்ற வேண்டும். அந்த நீர் தூய்மையாக இருந்தால் துணி துவைக்கவோ செடிக்கு ஊற்றவோ பயன்படும், ஆனால் தொட்டியில் தேங்கிக் கிடக்கக் கூடாது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடத் தேடுவது இத்தகைய தெளிந்த, அசையாத நீரைத்தான். முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம் போதும். பம்புக்குள்ளும் குழாய்க்குள்ளும் தங்கும் நீரை வெளியேற்ற, கருவியைச் சாய்த்துப் பிடித்துச் சில நொடிகள் சொட்டவிட வேண்டும். பிறகு வடிகட்டியைக் கழற்றிக் கழுவி, தொட்டியை உலர்ந்த துணியால் துடைத்து, மூடியைத் திறந்தபடியே காற்றாட வைக்கவும். ஈரத்தோடு மூடிவைத்தால் அடுத்த முறை திறக்கும்போது பாசி வாடை அடிக்கும். பானம் சிந்தியிருந்தால் அதே நாளில் வெதுவெதுப்பான நீரால் துடைக்காவிட்டால் எறும்பு வந்து மோட்டார் பக்கம் குடியேறும்.

ஆழ்துளைக் கிணற்று நீரையே நம்பியிருக்கும் வீடுகளில், பனிநீர் பாயும் நுண்துளைகளில் வெள்ளை உப்பு படியும். குடிநீரை மட்டுமே தொட்டியில் ஊற்றினால் இது பெருமளவு குறையும். அப்படியும் படிந்துவிட்டால், ஒரு பங்கு வினிகருக்கு மூன்று பங்கு நீர் கலந்து தொட்டியில் ஊற்றி, பானம் எதுவும் வைக்காமல் ஐந்து நிமிடம் ஓடவிட்டு, அரை மணி நேரம் ஊறவிட்டு மீண்டும் ஓட்டி, பிறகு நல்ல நீரால் இருமுறை அலசவும். அடைப்பு விடாத துளைகளைப் பல் துலக்கும் பழைய பிரஷ்ஷால் தேய்க்கலாம்; ஊசியால் குத்தினால் துளை பெரிதாகி, நீர் பீய்ச்சும் விசை குறைந்துவிடும். கோடை முடிந்து பரணில் ஏற்றுவதானால், உருளையின் ரப்பர் வளையங்களைத் துடைத்து உலர்த்தி, கருவியை அதன் பெட்டியில் நிமிர்ந்த நிலையில், மேலே கனமான பொருள் எதையும் ஏற்றாமல் வைக்கவும். பங்குனியில் மீண்டும் இறக்கும்போது, ஐஸ் இடுவதற்கு முன் வெறும் நீரில் ஒரு நிமிடம் ஓட்டிப் பார்த்து, பம்பிலிருந்து நீர் எல்லாத் துளைகளிலும் சீராக வருகிறதா என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும்.